தொண்டமானும் அஸீஸும்: ஒரு காங்கிரஸின் இரு தலைவர்கள்

ஹட்டன் கடைத்தெருவில் என் வாப்பாவுக்குச் சிறிய பிடவைக்கடை ஒன்று இருந்தது. தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் எங்கள் வீட்டில் உலை பொங்கும். அதனால் தொழிற்சங்க அரசியல் எங்களுக்கு அயலார் விவகாரமாக இருக்கவில்லை. “அஸீஸ் நம்ம ஆளாச்சே, நீங்க ஏன் தொண்டமான் பக்கம் பேசுறீங்க?” என்று ஜமாஅத்தில் சிலர் கேட்பார்கள். “சந்தா கட்டுறவன் மார்க்கம் பார்த்தா கட்டுறான்?” என்பார் வாப்பா. அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

1939இல் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்திய காங்கிரஸ் உருவானது. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அப்துல் அஸீஸ் அதன் தலைமைக்கு உயர்ந்தார். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துத் தோட்டத் தொழிலாளர். அவர்கள் ஒரு முஸ்லிமைத் தலைவராக ஏற்றார்கள் என்பதை நம்மவர் இன்று மறந்துவிட்டோம்.

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழகத்தில் பிறந்து, சிறுவயதில் றம்பொடை வேவண்டன் தோட்டத்துக்கு வந்தவர். கங்காணியாக வந்து தோட்ட உரிமையாளரானவரின் மகன். காங்கிரஸின் கம்பளைக் கிளையில் தொடங்கி, 1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்றார். அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்தது இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். பெயரே சொல்கிறது, அது நம்மையும் தொட்டது. விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. கடைசி மாதங்களில்தான் ‘விண்ணப்பியுங்கள்’ என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. ஆனால் அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்காளர் இல்லாத தலைவரை யார் பொருட்படுத்துவார்?

அந்த வெறுமையில்தான் பிளவு வந்தது. 1956இல் அஸீஸ் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தொடங்கினார். தொண்டமானிடம் எஞ்சியது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். இது மதச் சண்டை அல்ல. இரு ஆளுமைகளின் போட்டி. வாக்குப்பலம் இல்லாததால், நியமன உறுப்பினர் பதவியே இருவருக்கும் பாராளுமன்ற வாசலானது. 1960லும் 1965லும் தொண்டமான், 1970இல் அஸீஸ். யாரை நியமிப்பது என்பதை ஆட்சியாளர் தீர்மானித்தார், தொழிலாளி அல்ல.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொண்டமான் எதிர்த்தார், தடுக்க முடியவில்லை.

1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் வென்று திரும்பினார். 1978 முதல் நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்தார். 1984இல் ஆண், பெண் தொழிலாளருக்குச் சமசம்பளம் வந்தது. 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தால், நாடற்றிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க அரசு இணங்கியது. கொழுந்து பறிக்காமல் காலையில் பிரார்த்திப்பதை எந்தத் தொரை வேலைநிறுத்தம் என்பான்?

குறைகளும் உண்டு. 1983 கலவரத்தில் மலையகத் தமிழரும் அடிபட்டபோது அவர் அமைச்சரவையை விட்டு விலகவில்லை. தொழிற்சங்கத் தலைவரே அமைச்சராகவும் இருந்தால் தொழிலாளி யாரிடம் முறையிடுவான்? லயக்காம்பராக்கள் மறையவில்லை. தலைமை பேரனுக்குப் போனது.

1990இல் அஸீஸ் காலமானார். 1999 ஒக்டோபர் 30இல், அதே ஒப்பந்தத்தின் முப்பத்தைந்தாம் ஆண்டு நாளில், தொண்டமான் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

வாப்பா மௌத்தானபின் அவரது பெட்டியைத் திறந்தோம். கடன் கொப்பிகளுக்கு அடியில், மெழுகுத்தாளில் சுற்றிய பதிவுப் பிரஜைச் சான்றிதழ் இருந்தது. கடைக்கு வந்த எத்தனையோ பேரிடம் அந்தத் தாள் இருக்கவில்லை. அஸீஸை நம்மவர் என்று மட்டும் நினைவுகூர்ந்தால், அவரைத் தலைவராக்கிய அந்த மக்களை நாம் மறந்துவிடுவோம்.