பின்னல் இயந்திரத்துக்கும் கண் வந்தது

நம் கடைக்கு வரும் பருப்பில் கறுத்த பருப்பு குறைந்திருப்பதற்கு மில்லிலுள்ள கலர் சார்ட்டர் காரணம் என்பதை நாம் அறிவோம். அதே கேமராக் கண் பனியன் துணிக்கும் வந்துவிட்டது. போர்த்துகல் நாட்டின் ஸ்மார்டெக்ஸ் நிறுவனம் வட்டப் பின்னல் இயந்திரத்துக்குள்ளேயே கேமராவைப் பொருத்துகிறது.

ஊசி ஒன்று பழுதானால் துணியில் நெடுகக் கோடு விழும். சாயம் ஏறிய பிறகு தெரிந்தால் நூலும் சாயமும் கூலியும் நஷ்டமே. ஓடும்போதே கண்டுகொண்டால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம்.

இத்தகைய கருவியில் சென்சார் பிடித்த படம் கேபிள் வழியாகச் சிறு கணினிப் பலகைக்குப் போகிறது. குறையைக் கண்டறிவது அந்தப் பலகையே. 2013-ல் வந்த ராஸ்பெரி பை கேமராவும் தட்டையான நாடாக் கேபிளில் இணைவதுதான். 2003-ல் தொடங்கிய சென்னை இ-கான் சிஸ்டம்ஸ் இப்படிப்பட்ட கேமராக்களைத் தயாரிக்கிறது.

நிட்டிங் தொழிலிலும் உள்ள நம் உறுப்பினர்கள் வாங்குமுன் மூன்றைக் கவனிக்க வேண்டும். நாடாக் கேபிள் குட்டையாக இருப்பதே நல்லது. தூரம் கூடினால் வேறு இணைப்பு தேவை. சுழலும் துணிக்கு, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும் 'குளோபல் ஷட்டர்' சென்சார் ஏற்றது. லென்சில் படியும் பஞ்சுத் தூசியைத் துடைக்க ஆள் வேண்டும்.

குறை முன்னதாகவே பிடிபட்டால் காதர்பேட்டைக்கு செகண்ட்ஸ் வரத்து குறையக்கூடும். அதை நம்பிக் கடை நடத்துவோர் இப்போதே கணக்குப் போட்டு வைப்பது நலம்.