திரைக்குள் குறிப்பறிதல்

கைப்பேசி விளையாட்டில் எதிரியின் முகம் தெரியாது. தெரிவது உடல் மட்டும். பிஜிஎம்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் 100 பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். திரையில் ஓடும் உருவத்துக்கு முகம் இருந்தாலும் அதில் பயமோ கோபமோ தோன்றாது. ஆகவே ஆடுபவர் வேறு தடயங்களைப் படிக்கப் பழகுகிறார். ஆட்டம் தொடங்கும்போது வீடுகளின் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும். ஒரு கதவு திறந்து கிடந்தால் உள்ளே யாரோ போயிருக்கிறார்கள். நேராக ஓடிவந்தவன் மரத்தருகே சட்டென்று நின்றால் காலடிச் சத்தம் கேட்டுவிட்டான் என்று பொருள். சுடப்பட்டு ‘நாக்’ ஆகித் தவழ்பவனை எதிரி கொல்லாமல் விட்டுவைத்தால் அதில் இரக்கம் எதுவும் இல்லை; காப்பாற்ற வரும் கூட்டாளிக்கு வைத்த தூண்டில் அது.

ஒரே அசைவுக்கு இரண்டு பொருள் வருவதும் உண்டு. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு இரண்டு மூன்று முறை குனிந்து நிமிர்ந்தால் ‘சுட வேண்டாம், சண்டைக்கு வரவில்லை’ என்று கேட்பதாக அர்த்தம். வீழ்ந்தவனின் மேல் நின்று அதையே செய்தால் கேலி. எது எப்போது என்பதை எந்த விதிப்புத்தகமும் சொல்வதில்லை. பத்து ஆட்டம் தோற்ற பையன் பதினோராவதில் தானாகத் தெரிந்துகொள்கிறான்.

கேரளத்தின் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் இந்த மௌனப் படிப்புக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கமும், மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களிலும் வீட்டுமொழி தமிழ். அரசு அலுவலகத்திலும் பேருந்துப் பலகையிலும் மலையாளம். அந்நியர்களோடு ஆட்டத்தில் சேர்த்துவிடப்பட்டால் ஸ்குவாட்டில் இந்திக்காரரும் தெலுங்குக்காரரும் இருக்கலாம். மைக்கைத் திறந்தால் நான்கு மொழி மோதும். லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை. இரவில் கத்திப் பேசினால் அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். மைக்கை அணைத்துவிட்டு, முன்னால் ஓடுபவனின் போக்கைப் பார்த்தே அவன் பாய்ந்து தாக்க ‘ரஷ்’ போகப்போகிறானா, ஒளிந்து காத்திருக்க ‘கேம்ப்’ அடிக்கப்போகிறானா என்று முடிவுசெய்வது சுலபம்.

இங்கே பிள்ளைகள் கைக்குக் கைப்பேசி பரவலாக வந்தது பெருந்தொற்றுக் காலத்தில். 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி மாணவர்களுக்குத் தமிழிலும் பாடங்கள் வந்தன. எஸ்டேட் பகுதிகளில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்த காலம் அது. பாடத்துக்காக வந்த போன் பாடம் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பவில்லை. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. இதே வகை விளையாட்டான ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்தது. பெயர்தான் மாறிக்கொண்டிருந்தது; ஆட்டம் நிற்கவில்லை.

சைகையால் காரியம் முடிப்பது எல்லைப்பகுதிக்குப் புதிதும் அல்ல. பொள்ளாச்சி மாட்டுச்சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அங்கே வாங்கும் மாடுகளில் பெரும்பகுதி கேரளத்துக்குத்தான் போகிறது. விலை பேசும் இரண்டு வியாபாரிகள் கைகளைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பதும் விடுவதும்தான் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரியாது. தமிழ் வியாபாரிக்கும் மலையாள வியாபாரிக்கும் பொதுவான எண் விரலில் இருக்கிறது. விரல் தொகையைச் சொல்கிறது என்றால், எதிராளி இன்னும் ஏறுவாரா, இதோடு நின்றுவிடுவாரா என்பதை அவர் விரலைப் பிடித்திருக்கும் அழுத்தத்திலும், விடத் தாமதிப்பதிலும் அனுபவசாலி கண்டுகொள்வார். ஸ்குவாட்டுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆவது பொருட்பாலில் வருகிறது: அரசனின் மனத்திலிருப்பதை அவன் சொல்லாமலே அமைச்சன் அறிவது பற்றியது. 110ஆவது இன்பத்துப்பாலில் வருகிறது: காதலியின் பார்வையிலிருந்து அவள் நெஞ்சை அறிவது பற்றியது. முன்னது பெரும்பாலும் நோக்கத்தைப் படிப்பது, அதாவது இவர் அடுத்து என்ன செய்வார் என்பது. பின்னது உணர்ச்சியைப் படிப்பது. துப்பாக்கி விளையாட்டுகள் முதல் வகைக் குறிப்பறிதலை நன்றாகவே கற்றுக்கொடுக்கின்றன. இரண்டாவதை அவை தொடுவதே இல்லை. விளையாட்டு நல்லதா கெட்டதா என்ற வீட்டுச் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது.

‘எமோட்’ என்பதை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். உருவம் கைதட்டும், நடனமாடும், கையசைக்கும். விரும்பினால் காசு கொடுத்துப் புது எமோட் வாங்கலாம். ஆனால் இது ஆடுபவர் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுத்த செய்தி. உண்மை வாழ்வில் சொல்லில்லாக் குறிப்புகளின் மதிப்பு அவை அறியாமல் கசிவதில்தான் இருக்கிறது: குரல் கம்முவது, கண் நழுவுவது, விரல் சட்டைப் பொத்தானைத் திருகுவது. எமோட்டில் எதுவும் கசியாது. ஆடுபவர் அழுதுகொண்டே உருவத்தை நடனம் ஆடவைக்கலாம். விளையாட்டில் கசிவது நடையில்தான்: தயக்கம், அவசரம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. தேர்ந்த ஆட்டக்காரர் எமோட்டைக் கண்டுகொள்வதில்லை, கால்களைப் பார்க்கிறார்.

இந்த உண்மையைச் சில விளையாட்டு வடிவமைப்பாளர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். 2012இல் வெளியான ‘ஜர்னி’யில் இரண்டு அந்நியர்கள் பாலைவனத்தில் சந்திக்கிறார்கள். பேச முடியாது, எழுத முடியாது, பெயரும் தெரியாது. ஒரு மணியோசை போன்ற கூவலை எழுப்பலாம், அவ்வளவே. அருகில் வந்து தொட்டால் இருவரின் சால்வைக்கும் பறக்கும் சக்தி கிடைக்கும். முன்னால் போய் நின்று காத்திருப்பது, திரும்பிப் பார்ப்பது, சிறிதாக இரண்டு முறை கூவுவது ஆகியவற்றிலிருந்தே துணையின் பொறுமையும் அக்கறையும் புரிகின்றன. கூட வந்தவரின் பெயர் ஆட்டம் முடிந்த பிறகுதான் திரையில் வரும். துப்பாக்கி விளையாட்டுகளிலோ 2019 பிப்ரவரியில் வந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ ஒரு திருப்பம். எதிரி, ஆயுதம், போக வேண்டிய இடம் என எதைக் குறிபார்த்து அழுத்தினாலும் கூட்டாளிகளுக்கு அடையாளம் போய்ச் சேரும் ‘பிங்’ முறையை அது விரிவாக அமைத்தது. வாய் திறக்காமல் முழு ஆட்டத்தையும் ஆட முடிந்தது. மற்ற விளையாட்டுகளும் விரைவில் அதைப் பின்பற்றின.

முகபாவம் மாறாத உருவத்தின் உடலை வைத்துக் கதையைப் படிக்கும் திரை பாலக்காட்டில் முன்பே இருந்தது. பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின் 21 விளக்குகள் வரிசையாக எரியும். தோலில் வெட்டிய பாவையின் நிழல் மட்டுமே முன்னால் தெரியும். பெரும்பாலான பாவைகளில் ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையின் ஏற்ற இறக்கமும், பாவை திரையை ஒட்டி நிற்கிறதா விலகி நிற்கிறதா என்பதும், ராவணனின் செருக்கையும் சீதையின் துயரத்தையும் சுமக்க வேண்டும். பாடப்படுவது கம்பராமாயணம், விளக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். சொரனூருக்கு அருகே கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திர புலவர் இக்கலைக்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். மொழி முழுதும் பிடிபடாத பார்வையாளரும் நிழலின் நிலையைப் பார்த்துக் கதையைத் தொடர்கிறார். ஒரு வேறுபாடு உண்டு: கூத்தில் பாவையாட்டும் புலவர் அசைவின் பொருளை விரிவாகச் சொல்லிவிடுவார், விளையாட்டில் சொல்லித்தர யாரும் இல்லை, தவறாகப் படித்தால் உடனே தோல்வி. கற்றலுக்கு இந்த உடனடித் தண்டனை உதவுகிறது என்பதை மறுக்க முடியாது.

முகத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவே உருவாக்கப்பட்ட விளையாட்டுகளின் கதை வேறு. 2011இல் வந்த ‘எல்.ஏ. நோயர்’ துப்பறியும் விளையாட்டுக்காக நடிகர்களின் முகங்களை 32 கேமராக்கள் சூழ்ந்து பதிவுசெய்தன. சாட்சி சொல்பவர் உண்மை பேசுகிறாரா, மழுப்புகிறாரா, பொய்யா என்று ஆடுபவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் வியப்பூட்டியது, ஆனால் பொய் சொல்லும் கதாபாத்திரங்கள் கண்ணை உருட்டியும் உதட்டைக் கடித்தும் நாடகத்தனமாக நடித்துக் காட்டினார்கள். நிஜத்தில் தேர்ந்த பொய்யர் அப்படிச் செய்வதில்லை.

ஆய்வு நோக்கில் செய்யப்பட்டவற்றில் ‘லெட்ஸ் ஃபேஸ் இட்’ குறிப்பிடத்தக்கது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தனாகாவும் அமெரிக்காவின் யேல் ஆய்வாளர்களும் உருவாக்கிய விளையாட்டுத் தொகுப்பு அது. 2010இல் வெளியான ஆய்வில் 20 மணி நேரம் ஆடிய குழந்தைகள், வாயையும் கண்ணையும் கவனித்து முகங்களை அடையாளம் காண்பதில் முன்னேறினர். முன்னேற்றம் குறிப்பிட்ட சில திறன்களில் மட்டுமே. முகம் பற்றிய எல்லாமும் கைகூடிவிடவில்லை.

இன்னொன்று இப்பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு டேவிட்சனின் குழு ‘கிரிஸ்டல்ஸ் ஆஃப் கேடோர்’ என்ற விளையாட்டைச் செய்தது. வேற்றுக்கிரகத்தில் விழுந்த ரோபோ தன் கப்பலின் துண்டுகளைத் திரும்பப் பெற வேண்டும். அங்குள்ளவர்களின் மொழி அதற்குப் புரியாது. ஆனால் அவர்களின் முகம் மனித முகம்போல் உணர்ச்சி காட்டும். அந்த உணர்ச்சி எது, எவ்வளவு தீவிரம் என்று கணித்தால்தான் உறவு வளரும். நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இதையோ, ஒப்பீட்டுக்காக ‘பாஸ்டியன்’ என்ற சாதாரண விளையாட்டையோ இரண்டு வாரம் ஆடினர். 2018இல் வெளியான முடிவின்படி, முதல் விளையாட்டை ஆடியவர்களின் மூளையில் பிறர் நோக்கில் சிந்திப்பதோடு தொடர்புள்ள பகுதிகளுக்கிடையே இணைப்பு கூடியது. எனினும் பிறர் உணர்ச்சியைத் துல்லியமாகக் கணிக்கும் திறன் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரேபோல் உயரவில்லை.

இதற்கு மறுதட்டில் வைக்க வேண்டிய ஆய்வும் உண்டு. கலிஃபோர்னியாவில் யால்டா உல்ஸும் பாட்ரீசியா கிரீன்ஃபீல்டும் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 50 பேர் ஐந்து நாள் திரையே இல்லாத முகாமில் இருந்தார்கள். வழக்கமான அன்றாடத்தைத் தொடர்ந்த மாணவர்களைவிட, முகத்திலும் காட்சியிலும் உள்ள உணர்ச்சிகளைக் கண்டறிவதில் அவர்கள் அதிகம் முன்னேறினர். முகாமில் உணர்ச்சிகளைப் படிக்க அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகினார்கள். வேறொரு வகை விளையாட்டின் விளைவும் கவனிக்கத்தக்கது: மகிழ்ச்சி முகத்தை மனிதர்கள் கோப முகத்தைவிடச் சற்று விரைவாகக் கண்டுகொள்வது வழக்கம், வன்முறை விளையாட்டு ஆடியதும் இந்த விரைவு குறைவதாக 2007இல் ஒரு ஆய்வு கண்டது. கேரளக் காவல்துறை 2023இல் டி-டாட் என்ற பெயரில் டிஜிட்டல் அடிமைத்தன மீட்பு மையங்களைத் தொடங்கியதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். குறிப்பறிதல் வளரும் என்பதற்காக ஆட்ட நேரத்தைக் கூட்டச் சொல்வது நேர்மையாகாது.

முகத்தை மட்டும் பிரித்துப் படிக்க முடியுமா என்பதே இன்று விவாதத்தில் உள்ளது. ஆறு அடிப்படை உணர்ச்சிகள் உலகெங்கும் ஒரே முகபாவத்தில் தெரியும் என்று பால் எக்மன் வாதிட்டார்; பயிற்சி விளையாட்டுகள் பலவும் அவரது அட்டவணையைத்தான் அடிப்படையாகக் கொண்டவை. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் பிறரும் 2019இல் விரிவான ஆய்வுத் தொகுப்பில், முகச்சுளிப்பைக் கோபம் என்றும் புன்னகையை மகிழ்ச்சி என்றும் சூழல் தெரியாமல் முடிவுகட்ட முடியாது எனக் காட்டினர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இவர்களின் பக்கம்தான் நிற்கும். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்த இயல், ஒவ்வொன்றும் பிறக்கும் காரணங்களை நான்கு நான்காக அடுக்குகிறது. சிரிப்பு பிறரை இகழ்வதாலும் வரும், அறியாமையாலும் வரும். காரணம் தெரியாதவரை சிரிப்பு வெறும் பல்வரிசை.

ஆகவே பள்ளியில் குறிப்பறிதலைக் கற்பிக்க விளையாட்டைப் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியருக்கு வெளிநாட்டு விளையாட்டை இறக்குமதி செய்வதைவிட, உள்ளூரில் செய்வது மேல். கேரள அரசுப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பிள்ளைகள் கணினி விளையாட்டும் அனிமேஷனும் செய்யப் பழகுகிறார்கள். ஒரு சிறு காட்சி, அதில் ஒரு முகம், ‘இவர் அடுத்து என்ன செய்வார்? இப்போது என்ன உணர்கிறார்?’ என்ற இரண்டு கேள்விகள். இதைச் செய்ய அவர்களுக்குத் தெரிந்த ‘ஸ்கிராட்ச்’ நிரல்மொழி போதும். கேள்வி இரண்டாக இருப்பது முக்கியம், முதலாவதற்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளை இரண்டாவதில் தடுமாறக்கூடும். நடிப்பதற்கு அந்த ஊர்க்காரர்களே வேண்டும். ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவே தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் புகைப்படத்தில் பிடிக்க முடியாது. அசையும் படமாகத்தான் எடுக்க வேண்டும். எஸ்டேட் கங்காணி தலையாட்டினால் சம்மதமா, ‘கேட்டுக்கொண்டேன், போ’ என்பதா என்று லயத்துப் பிள்ளைக்குத் தெரியும், வடக்கிலிருந்து வந்த ஸ்குவாட் கூட்டாளிக்குத் தெரியாது.