கடலுக்குள் எவர்சில்வர்!

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருக்கும் நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வீட்டு ஓனரைப் பற்றிக்கூட அவ்வளவு புலம்ப மாட்டார். துருவைப் பற்றித்தான் புலம்புவார். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பைக் சைலன்ஸர்... உப்புக் காற்று எதையும் விட்டு வைக்காது. கரையில் இருப்பவர்களுக்கே இந்த கதி என்றால், கடலுக்கு நடுவிலேயே நிற்கும் பாம்பன் ரயில் பாலத்துக்கு?

1914-ல் திறந்த பழைய பாலம், நூறு வருஷத்துக்கு மேல் சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடி சுரண்டியே காலத்தை ஓட்டியது. 2022 டிசம்பரில் 'போதும்டா சாமி' என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் போகிறவர்கள் கடலுக்கு இந்தப் பக்கமே இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்தார்கள்.

2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். 2.08 கிலோமீட்டர் நீளம். நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். டி.வி.யில் எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள். நமக்கு சுவாரஸ்யம் அதில் இல்லை ஸார், கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. உள்ளே போட்டிருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. அதாவது, நம்ம வீட்டு எவர்சில்வர்!

கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே பொடிப்பொடியாகத் துவாரங்கள். அது வழியே உப்பு வருஷக்கணக்கில் நகர்ந்து போய்க் கம்பியைத் தொடும். இரும்பு துருவாக மாறினால் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட் வெடிக்கும். வெடிப்பு வழியே இன்னும் உப்பு. பழைய ஃப்ளாட் பால்கனியில் கம்பி எட்டிப் பார்க்குமே, அதே கதைதான்.

எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். அதற்காக வீட்டு டம்ளரைக் கடலில் போட்டுப் பரீட்சை பண்ணாதீர்கள். கடல் உப்பு அதையும் புள்ளி புள்ளியாகக் குத்திவிடும். நேராக உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டுமானால் மாலிப்டினம் கலந்த ரகம் வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இது எத்தனை நாள் தாங்கும்? மெக்ஸிகோவில் ப்ரோக்ரெஸோ என்ற ஊரில் சாட்சி இருக்கிறது. 1940 வாக்கில் எவர்சில்வர் கம்பி போட்டுக் கடலுக்குள் கட்டிய கப்பல் துறை இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே, பல வருஷம் கழித்து, சாதாரணக் கம்பியில் ஒன்று கட்டினார்கள். அதில் மிச்சம் சில மொட்டைத் தூண்கள்தான். அண்ணன் ஜம்மென்று நிற்கிறார், தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான்!

பின்னே ஏன் எல்லா இடத்திலும் போடுவதில்லை? விலை ஸார், விலை! சாதாரணக் கம்பியைப் போல் பல மடங்கு.

பாம்பனில் வெளியே தெரியும் இரும்புக்குப் பாலிசிலாக்ஸேன் என்ற பெயின்ட். இணைப்புகளெல்லாம் முழு வெல்டிங். உப்புத் தண்ணீர் ஒளிந்துகொள்ள இடுக்கு இருக்கக் கூடாதாம். இத்தனைக்கும் 2024 நவம்பரில் ஆய்வுக்கு வந்த ரயில்வே பாதுகாப்பு கமிஷனர், துருப் பாதுகாப்பு உள்படச் சில குறைகளை எழுதிவிட்டுத்தான் போனார். எழுதினது நல்லதுதான். கடல் யாருக்கும் சலுகை காட்டாது.

இந்தப் பூச்சு பராமரிப்பே இல்லாமல் 38 வருஷம் தாங்கும் என்பது ரயில்வே கணக்கு. அதாவது 2063. உங்களுக்குப் பாலம் திறந்தபோது 25 வயசென்றால், அப்போது 63. ரிட்டயராகி, வீட்டம்மாவோடு ராமேஸ்வரம் போகும்போது, மறக்காமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.