உஷார்! பட்டன் பாக்ஸுக்குள் யு.எஸ்.பி. தவிர வேறு மின்சாரம் நுழையக் கூடாது

ரேஸிங் சிமுலேட்டருக்கு வீட்டிலேயே பட்டன் பாக்ஸ் செய்துகொண்டிருக்கிறீர்களா? கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். அந்தப் பெட்டிக்குள் வெளியிலிருந்து எத்தனை வயர் வருகிறது? யு.எஸ்.பி. கேபிள் ஒன்றுதான் என்றால் நிம்மதி. கூடவே 12 வோல்ட் அடாப்டர் வயர் வருகிறதா, ஸ்டியரிங் மோட்டாரை ஆன் செய்ய 230 வோல்ட் வயர் வருகிறதா? அப்படியென்றால் அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். இதைப் படித்து முடித்து, அந்த வயரைக் கழற்றிய பிறகு செருகலாம்.

பட்டன் பாக்ஸின் வேலை மிகச் சின்னது. இக்னிஷன், ஸ்டார்ட்டர், பிட் லிமிட்டர், வைப்பர், பிரேக் பயஸ் எல்லாவற்றுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் கீபோர்டைத் தடவ முடியாது. அதனால் ஒரு பெட்டியில் சுவிட்சுகளைப் பதித்து, உள்ளே ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்ற போர்டை வைக்கிறோம். இவற்றில் இருக்கும் ஏடிமெகா 32யு4 சிப் தன்னை ஒரு ஜாய்ஸ்டிக் என்று கம்ப்யூட்டரிடம் நேரடியாகச் சொல்லிக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் சிப்பின் ஒரு கால் கிரவுண்டைத் தொடுகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை என்பதால், 5 வோல்ட்டில் அந்தச் சுவிட்ச் வழியாக ஓடுவது அதிகம் போனால் கால் மில்லி ஆம்பியர். அது வெறும் தகவல். அந்த அளவில் நிற்கும் வரை பட்டன் பாக்ஸ் யாரையும் எதுவும் செய்யாது. ஆபத்தெல்லாம் அழகுக்காகவும் வசதிக்காகவும் நாம் பிறகு சேர்க்கிறோமே, அதில்தான் இருக்கிறது.

முதலில் அழகு. சிவப்பு மூடியைத் தூக்கினால் உள்ளே டாகிள், பக்கத்தில் 'என்ஜின் ஸ்டார்ட்' என்று எழுதிய வட்டப் பட்டன், போட்டால் ஒளிரும் விளக்கு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கார் சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் இந்தப் பேனல்கள் நிஜக் காருக்காகச் செய்யப்பட்டவை. அதாவது 12 வோல்ட்டுக்காக. யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் விளக்கு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. அப்போதுதான் வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டர் அடாப்டரின் ஞாபகம் வருகிறது. விளக்குக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. கம்ப்யூட்டர் சாகும் வழி இங்கேதான் திறக்கிறது.

கார் டாகிளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் மூன்று முனைகள்தான் இருக்கும்: மின்சாரம் வரும் முனை, சுவிட்ச் போட்டதும் மின்சாரம் வெளியேறும் முனை, விளக்குக்கான கிரவுண்ட். விளக்கும் சுவிட்சும் உள்ளே ஒரே வயரில் கோத்திருக்கின்றன. வரும் முனையில் 12 வோல்ட் கொடுத்து, வெளியேறும் முனையை ஆர்டுயினோவின் காலில் மாட்டினால், சுவிட்சைப் போட்ட கணத்தில் முழு 12 வோல்ட்டும் சிப்பில் இறங்கும். அந்தச் சிப்பின் காலில் வரக்கூடிய உச்சம், அதன் சொந்த மின்னழுத்தத்தைவிட அரை வோல்ட் அதிகம். 5 வோல்ட்டில் ஓடினால் 5.5. அதற்கு மேல் வந்தால் சிப் மட்டும் போகும் என்று எண்ணி ஆறுதல் அடையாதீர்கள். காலுக்குள் நுழைந்த மின்சாரம் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக 5 வோல்ட் லைனில் ஏறும். அங்கிருந்து யு.எஸ்.பி. கேபிள் வழியே மதர்போர்டைத் தேடிப் போகும். மதர்போர்டில் யு.எஸ்.பி.க்கு ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அந்த ஃபியூஸ் நாம் அதிக மின்சாரத்தை இழுத்தால் தடுப்பதற்கு. வெளியிலிருந்து அதிக வோல்ட் தள்ளப்படுவதைத் தடுக்க அது வைக்கப்படவில்லை. சில நூறு ரூபாய் சுவிட்சின் விளக்குக்காகக் கிராபிக்ஸ் கார்டு செருகியிருக்கும் ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் பணயம் வைப்பதா?

கடையில் வாங்கும்போதே தப்பிக்க வழி உண்டு. ஐந்து முனைகள் உள்ள விளக்குப் பட்டனைக் கேளுங்கள். அதில் சுவிட்சின் மூன்று முனைகள் தனி, விளக்கின் இரண்டு முனைகள் தனி. இந்த 16 மில்லிமீட்டர் உலோகப் பட்டன்கள் 3-6 வோல்ட், 12-24 வோல்ட், 220 வோல்ட் என்று வெவ்வேறு வகைகளில் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ரிச்சி தெருவில் அவசரமாகப் பொறுக்கிக்கொண்டு வராமல், பட்டனின் உடம்பில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். 3-6 வோல்ட் என்றால் யு.எஸ்.பி.யே போதும். தனி எல்.ஈ.டி. வைக்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். சிவப்பு எல்.ஈ.டி.க்கு 330 ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் ஓடும், கண்ணுக்கு அது தாராளம். மூன்று முனை டாகிளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? விளக்கை மறந்துவிட்டு, முதல் இரண்டு முனைகளை மட்டும் சாதாரணச் சுவிட்சாகப் பயன்படுத்துங்கள். விளக்கு எரியாத டாகிளாலும் இக்னிஷனைப் போடலாம்.

அடுத்தது இதைவிட மோசம். 'முழு ரிக்கையும் (இருக்கையும் ஸ்டியரிங்கும் பூட்டிய சட்டம்) ஒரே சுவிட்சில் ஆன் செய்தால் நிஜக் கார் மாதிரி இருக்குமே' என்ற ஆசையில் 230 வோல்ட் லைனைப் பட்டன் பாக்ஸுக்குள் கொண்டுவருகிறார்கள். காருக்கான டாகிளில் '20 ஆம்பியர்' என்று எழுதியிருப்பதை மட்டும் படிக்கிறார்கள், பக்கத்திலேயே '12 வோல்ட் டி.சி.' என்று இருப்பதைப் பார்ப்பதில்லை. வீட்டு மின்சாரத்துக்குத் தேவையான காப்பு அதில் கிடையாது. பின்முனைகள் திறந்து கிடக்கின்றன, முன்தகடு அலுமினியம், ஒரு விரற்கடை தள்ளி யு.எஸ்.பி. போர்டு. ஸ்டியரிங் அதிர்வில் ஒரு வயர் கழன்று தகட்டைத் தொட்டால், வியர்த்த கையால் நீங்கள் தொடுவது 230 வோல்ட். ரிக்குக்கு மொத்தச் சுவிட்ச் வேண்டுமென்றால், சுவிட்ச் வைத்த நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை ரிக்கின் காலருகே பொருத்துங்கள். பட்டன் பாக்ஸுக்கும் அதற்கும் எந்த உறவும் வேண்டாம்.

உலோகத் தகட்டைத் தொடும்போது மெல்லச் சுரீர் என்கிறதா? நம் வீடுகளில் இதைப் பலர் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். கம்ப்யூட்டரின் மூன்று முனை பிளக்கை இரண்டு முனை கன்வெர்ட்டரில் செருகியிருப்பார்கள், அல்லது சுவரில் எர்த் துளை மட்டும் இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது. அப்போது பவர் சப்ளையின் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் கேபினெட்டுக்கு வந்து, யு.எஸ்.பி. கேபிளின் மேலுறை வழியே உங்கள் பெட்டிக்கும், அது பூட்டியிருக்கும் அலுமினிய ரிக்குக்கும் பரவும். அந்தச் சுரீரின் அளவு சிறியது. ஆனால் அது தரும் செய்தி பெரியது: எர்த் இல்லை. நாளை பவர் சப்ளையிலோ மோட்டார் டிரைவிலோ உண்மையான பழுது வந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இரும்பு, அலுமினியம் முழுவதும் மின்சாரம் ஏறும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் பதற வைக்கிற விஷயம். காளான் தலை வைத்த பெரிய சிவப்பு எமர்ஜென்சி பட்டன்.

பழைய கியர் வகை ஸ்டியரிங்குகளின் விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். கியர் இல்லாமல் மோட்டாரிலேயே நேரடியாகப் பூட்டிய இன்றைய டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங் அப்படியல்ல. சிமுக்யூப் 2 ப்ரோ என்ற மோட்டார் 25 நியூட்டன் மீட்டர் வரை போகும். 30 சென்டிமீட்டர் ஸ்டியரிங்கின் விளிம்பில் அது ஏறக்குறைய 17 கிலோ எடையின் இழுப்பு. சுவரில் மோதும்போதோ, மென்பொருள் குழம்பி ஸ்டியரிங் தானாக ஆடத் தொடங்கும்போதோ கட்டைவிரல் ஆரக்காலுக்குள் சிக்கியிருந்தால் விரலும் மணிக்கட்டும் தாங்காது. இவ்வளவு வலுவான மோட்டாருக்குத் தனி நிறுத்துப் பட்டன் வேண்டும். அது மோட்டார் டிரைவின் பாதுகாப்பு முனையில் நேரடியாக வயரில் போய்ச் சேர வேண்டும். சாதாரண நிலையில் மூடியிருந்து, அழுத்தினால் திறக்கிற காண்டாக்ட் அதில் இருக்கும். வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அதே சிவப்புக் காளானை வாங்கிப் பட்டன் பாக்ஸில் பதித்து, ஆர்டுயினோவில் இன்னொரு பட்டனாக இணைத்துவிடுகிறார்கள். அழுத்தினால் செய்தி ஆர்டுயினோவுக்குப் போகும், அங்கிருந்து விண்டோஸுக்கு, பிறகு விளையாட்டுக்கு, கடைசியில் மோட்டாருக்கு. ஸ்டியரிங் வெறிபிடித்துச் சுழலும் நேரம் என்பது பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் ஏதோ ஒன்று உறைந்துபோன நேரம்தான். அப்போது அந்தப் பட்டன் எதையும் நிறுத்தாது. நீங்கள் ஒருவேளை சுதாரிப்பீர்கள். கை மாட்டிக்கொண்டு நீங்கள் அலறினால் ஓடி வரப்போவது அம்மாவோ தம்பியோ. அவர்களுக்கு எது பிட் லிமிட்டர், எது வைப்பர் என்று தெரியாது. கண்ணில் படும் பெரிய சிவப்பைத்தான் அடிப்பார்கள். அது பொய்ப் பட்டனாக இருந்தால்? ஆகவே சிவப்புக் காளானை வேறு எந்த வேலைக்கும் பெட்டியில் வைக்காதீர்கள், அழகுக்குக்கூட வேண்டாம். மோட்டாரோடு வந்த நிறுத்துப் பட்டனை அதன் சொந்தக் கேபிளோடு, இன்னொருவர் கைக்கும் எட்டும் இடத்தில் பொருத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அதைக் காட்டி, ஒருமுறை அழுத்தவும் வையுங்கள்.

ஸ்டியரிங் மேலேயே வயரில்லாத பட்டன் பெட்டி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய லித்தியம் செல்லை அதில் வைக்காதீர்கள். டிபி4056 சார்ஜர் போர்டு கடையில் வருகிறபடியே 1 ஆம்பியர் கொடுக்கும். 400 மில்லி ஆம்பியர் அவர் அளவுள்ள சின்னப் பேட்டரிக்கு அது மிக அதிகம், சூடாகி உப்பும். சுருள் கேபிளே போதும்.

பெட்டியைச் செய்யும் வேலையிலும் கவனம் வேண்டும். தகட்டில் துளையிடும்போது கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். மெல்லிய அலுமினியத்தை டிரில் பிட் கவ்விச் சுழற்றினால் அது கத்தி. கண்ணாடி அணியுங்கள். நிஜக் கார்பன் ஃபைபர் தகடு மின்சாரம் கடத்தும் என்பதால் சுவிட்ச் முனைகள் அதைத் தொடக் கூடாது. சால்டரிங் புகையை முகத்துக்கு நேரே வாங்காதீர்கள், ஃபிளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஈயம் கலந்த கம்பியைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்க வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம். பட்டன்களை வரிசையும் நிரலுமாக, அதாவது மேட்ரிக்ஸாகக் கோர்க்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு 1என்4148 டயோடு போடுங்கள். டாகிள்கள் போட்டபடியே நிற்பதால், டயோடு இல்லாவிட்டால் அழுத்தாத பட்டனும் அழுத்தியதாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் நேரே கம்ப்யூட்டருக்குப் போகாதீர்கள். கேபிள் எதுவும் செருகாமல், மல்டிமீட்டரில் 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா டாகிளையும் போட்டும் அணைத்தும் பாருங்கள். பிறகு ஒரு நல்ல மொபைல் சார்ஜரில் செருகி, ஆர்டுயினோவின் ஒவ்வொரு காலிலும் வோல்ட் அளவிடுங்கள். எங்காவது 5.5-க்கு மேல் காட்டினால் அங்கேயே நிறுத்தி, அந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, போர்டு எங்காவது சுடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லையென்றால் கம்ப்யூட்டரில் செருகலாம்.