வாப்பாவின் லொறிச் சில்லு

சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் வாப்பா லொறியை ஒருமுறை சுற்றி நடப்பார். ஒவ்வொரு சில்லிலும் நட்டுகளின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். சென்ற வருடம் ஒருநாள் பின்சில்லொன்றின் அருகே நின்றுவிட்டார். நட்டுத் துளையிலிருந்து மெல்லிய கறள் கோடொன்று வழிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் துளையோரத்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. "வெல்டிங் பண்ணினாப் போதும்" என்றார்கள் கராஜில். வாப்பா கேட்கவில்லை. அந்த மாத வீட்டுச் செலவுக் காசில் வேறு சில்லு வாங்கினார். உம்மாவுக்குக் கோபம். எனக்கும் அன்று அது வீண்செலவாகவே பட்டது. உயர்தர வகுப்பில் தகைப்பும் விகாரமும் படித்தபோதுதான் விளங்கியது.

டயரோடு சேர்த்து ஒரு மீற்றர் விட்டமுள்ள சில்லு, ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் 300 தடவைக்கு மேல் சுற்றும். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீற்றர். 36,000 சுற்றுக்கும் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் சில்லின் ஒவ்வோர் இடமும் பாரத்தின் கீழ் வந்து, வளைந்து, நிமிர்கிறது. கம்பியை மாறிமாறி வளைத்தால் முறியுமே, அதுதான். உலோகக் களைப்பு என்பார்கள். நட்டு இளகியிருந்தால் துளையோரத்தில் தகைப்பு குவிந்து, வெடிப்பு அங்கேயே தொடங்கும். வெல்டிங் அதனை மூடுமே தவிர, அதன் சூடு பக்கத்தில் புதிய தகைப்புகளை விட்டுச்செல்லும்.

எங்களுடையது உருக்குச் சில்லு. உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. தகைப்பு அதற்குக் கீழே இருந்து, கறளும் பிடிக்காவிட்டால், கோடிக்கணக்கான சுற்றுகளையும் தாங்கும். அலுமினியக் கலப்புலோகத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறிய தகைப்பும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். யங்கின் மட்டும் உருக்குக்கு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால், அலுமினியத்துக்கு 70 தான். ஆகவே அலுமினியச் சில்லைத் தடிப்பாகச் செய்கிறார்கள். அடர்த்தி மூன்றிலொரு பங்கு என்பதால், தடித்தும்கூட சில்லொன்றுக்குப் பத்துக் கிலோ அளவு குறைகிறது. ஆனால் உருக்குச் சில்லுக்குரிய போல்ட் அந்தத் தடிப்புக்கு நீளம் போதாது. மாற்றிப் பூட்டுபவர்கள் இதை மறந்தால் ஆபத்து.

அலுமினியத்தை வெல்டிங் செய்வது இன்னும் மோசம். வெப்பப் பதப்படுத்தலால் அதற்கு வந்த வலிமை, அந்தச் சூட்டிலேயே போய்விடும். கடுகண்ணாவ இறக்கத்தில் பிறேக் எரியுமளவுக்குச் சூடேறினாலும் இதே பயம்தான்.

இன்னொன்று: அலுமினியம் வெடித்தால் கறள் கோடு வழியாது. வாப்பாவைப்போலத் தடவிப் பார்ப்பது அதற்குப் போதாது. சேற்றைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.