நந்தி மலையடியில் திராட்சை, தில்லியில் தீர்வை

பெங்களூரு:

பெங்களூரிலிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், நந்தி மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கின்றன தொட்டபள்ளாபுரம் வட்டாரத் திராட்சைத் தோட்டங்கள். வற்றாத நதி எதுவும் இல்லாத பூமி இது. ஏரிகளும் ஆழ்துளைக் கிணறுகளுமே இங்கு விவசாயத்துக்கு ஆதாரம். தமிழகம் நோக்கிப் பாயும் பாலாறும் தென்பெண்ணையும் உற்பத்தியாவது இம் மலைப் பகுதியில்தான்.

இங்கு விளையும் திராட்சையின் தலையெழுத்தை வானம் மட்டும் எழுதுவதில்லை. சுங்கத் தீர்வையை நிர்ணயிக்கும் தில்லியும், கலால் தீர்வையை நிர்ணயிக்கும் மாநிலத் தலைநகரங்களும் சேர்ந்தே எழுதுகின்றன.

குடும்பத் தொழில்

பெங்களூர் வட்டாரத்தில் "பெங்களூர் புளூ" ரகத் திராட்சை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பயிரிடப்படுகிறது. 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், பழச்சாறுக்கும் ஜாமுக்கும் இனிப்பு ஒயினுக்கும் ஏற்ற ரகம் இது. ஐரோப்பிய பாணி ஒயினுக்கு வேறு ரகங்கள் தேவைப்பட்டன.

அந்த முயற்சியில் இறங்கியவர் தொழிலதிபர் கன்வல் குரோவர். பிரான்சின் ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஒயின் நிபுணர் ஜார்ஜ் வெசெல் அவருக்குத் துணைநின்றார். பல பிரெஞ்சு ரகங்களைச் சோதித்த பிறகு, 1988-ல் நந்தி மலையடியில் குரோவர் தோட்டம் உருவானது. முதல் ஒயின் வெளிவந்தது 1992-ல். தந்தையுடன் மகன் கபில் குரோவரும் நிர்வாகத்தில் இணைந்தார்.

மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே, கங்காபூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய குடும்ப நிலத்தில் ராஜீவ் சாமந்த் 1999-ல் தொடங்கிய "சூலா" நிறுவனத்தின் கதையும் இத்தகையதே. ஆனால், குடும்பங்கள் தொடங்கிய தொழிலில் காலப்போக்கில் வெளி முதலீடு நுழைந்தது. குரோவர் நிறுவனம் 2012-ல் நாசிக் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து "குரோவர் சாம்பா" ஆனது. சூலா 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது.

ஒரே பொருள், பல சட்டங்கள்

அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக வைக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியல், மது உற்பத்தியையும் விற்பனையையும் மாநிலங்களிடம் ஒப்படைக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரியிலும் குடிக்கும் மது சேர்க்கப்படவில்லை. எனவே, ஒரு மாநிலத்தில் தயாராகும் ஒயின் இன்னொரு மாநிலத்துக்குச் செல்ல வேறு உரிமம், வேறு கட்டணம், வேறு தீர்வை.

மாநிலங்களின் பார்வையும் ஒன்றல்ல. மகாராஷ்டிரம் 2001-லும் கர்நாடகம் 2007-லும் ஒயினுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, விவசாயம் சார்ந்த தொழிலாக இதை ஊக்குவித்தன. பெரிய அங்காடிகளில் ஒயின் விற்க 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது, அண்ணா ஹசாரே உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தனர். "விவசாயிக்கு வருமானம்" என்றது அரசு; "மதுவுக்கு இன்னொரு வாசல்" என்றனர் எதிர்ப்பாளர்கள். இரு வாதங்களிலும் நியாயம் இல்லாமலில்லை.

மத்திய அரசு 2009-ல் புனேயில் அமைத்த இந்திய திராட்சை பதப்படுத்தும் வாரியமோ தனி அமைப்பாக நீடிக்கவில்லை.

சுங்கச் சுவர்

இறக்குமதி ஒயின் மீதான அடிப்படைச் சுங்கத் தீர்வை 150 சதவீதம் என்பது நீண்டகாலம் உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. முன்பு அடிப்படைத் தீர்வைக்கு மேல் விதிக்கப்பட்ட கூடுதல் தீர்வையை எதிர்த்து ஐரோப்பிய யூனியனும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பை நாடின. அத் தீர்வையை 2007 ஜூலையில் இந்தியா விலக்கிக்கொண்டது.

அடுத்து, 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம். இதன்படி, பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேற்பட்ட ஒயினின் தீர்வை 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதமாகவும் உடனடியாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் இவை முறையே 50, 25 சதவீதமாகும். ஐரோப்பிய யூனியனுடன் 2022-ல் மீண்டும் தொடங்கிய பேச்சிலும் ஒயின் தீர்வை முக்கியப் பொருளானது.

விவசாயம் மாநிலப் பட்டியலில் உள்ளது, மதுவும் அப்படியே. ஆயினும், சர்வதேச ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவது மத்திய அரசு. அவற்றுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்று அரசியல் சட்டம் கூறவில்லை. திராட்சை விளையும் மாநிலங்களின் குரலுக்கு இதில் இடம் எங்கே என்பதே கேள்வி.

தமிழகத்துக்கு என்ன?

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை சரியும்போதெல்லாம் ஒயின் ஆலை கோரிக்கை அங்கு எழுவது வழக்கம். சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் "டாஸ்மாக்" வசம் உள்ள மாநிலத்தில் அதை ஏற்பதா, பழச்சாறு, உலர்திராட்சை போன்ற மாற்று வழிகளைப் பெருக்குவதா என்பது மாநிலத்தின் கொள்கை முடிவு.

எந்த முடிவானாலும் அது திறந்த விவாதத்தில் பிறக்க வேண்டும். கொடி நட்டுப் பலன் காணச் சில ஆண்டுகளாகும். தீர்வையை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். இந்த இடைவெளியில் நசுங்குவது விவசாயியே என்பதைத் தில்லி மறக்கலாகாது.