பிஞ்சுக் கழுத்தில் ஏன் அந்தக் குழாய்?

மாணவர்களே, மருத்துவமனையில் புறங்கையில் ஊசி செருகி மருந்து ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சில குழந்தைகளுக்கோ கழுத்து வழியாகக் குழாய் பொருத்தியிருப்பார்கள். பார்க்கும்போதே மனம் பதறும். ஏன் அப்படிச் செய்கிறார்கள்?

ரோஸ் சிரப்பை ஒரு கரண்டி நீரில் ஊற்றுங்கள்; பிறகு ஒரு வாளி நீரில் ஊற்றுங்கள். எதில் செறிவு குறையும்? வாளியில்தானே! சில புற்றுநோய் மருந்துகளும் செறிவான ஊட்டச்சத்துத் திரவங்களும் கையிலுள்ள சிறிய சிரையின் சுவரைப் புண்ணாக்கிவிடும். இதயத்தை ஒட்டிய மேற்பெருஞ்சிரையில் இரத்தம் ஏராளமாகப் பாய்வதால், அவை உடனே நீர்த்துப்போகின்றன. குழாயின் முனை அங்கே சென்று சேர வேண்டும். இதுவே மையச் சிரைக் குழாய்.

சிக்கல் என்னவென்றால், மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் இரத்தமே உண்டு. ஒரு டின் பானத்தைவிடக் குறைவு! கழுத்துச் சிரையின் அகலம் சில மில்லிமீட்டர்தான். பக்கத்திலேயே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஓடுகிறது. ஊசி தவறி அதில் பட்டால் ஆபத்து.

அதனால் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையை நாடுகிறார். திரையில் சிரை, தமனி இரண்டும் கறுப்பு வட்டங்களாகவே தெரியும். எது எது? கருவியால் மெல்ல அழுத்தினால் போதும். மெல்லிய சுவரும் குறைந்த அழுத்தமும் கொண்ட சிரை தட்டையாகிவிடும். தடித்த சுவருள்ள தமனி வட்டமாகவே நின்று துடிக்கும். வகுப்பில் நீங்கள் படிக்கும் அதே வேறுபாடு, இங்கே ஓர் உயிரைக் காக்கிறது.

குழந்தைக்கு வலி தெரியாதிருக்க மருந்து கொடுத்த பிறகு, தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துவார்கள். சிரை புடைக்கும், காற்று உள்ளே புகும் ஆபத்தும் குறையும். முதலில் ஊசி, அதனுள் மெல்லிய கம்பி, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேலாகக் குழாய், கடைசியில் கம்பியும் வெளியே. சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட உத்தி இது.

பிறகு எக்ஸ்ரே எடுத்து முனையின் இடத்தைச் சரிபார்ப்பார்கள். இதயத்துக்குள் அதிகம் நுழைந்தால் இதயத் துடிப்பு சீர்குலையலாம்.

இந்தக் குழாய் கிருமிகளுக்கும் வாசலாகிவிடக்கூடும். அவை நேராக இரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் தாதியர் ஒவ்வொரு முறையும் கைகழுவி, குழாயின் வாயைத் துடைத்த பிறகே மருந்து செலுத்துகிறார்கள். இப்படி ஒரு குழந்தையைப் பார்க்கச் சென்றால், நீங்களும் முதலில் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். குழாயை மட்டும் தொடாதீர்கள்.